ஓசின்னு நம்பி விமானம் ஏறாதே!

“லண்டன்ல வைத்தியம் ஓசி, அமெரிக்கால கொள்ளை, நம்ம ஊர்ல மலிவு.” வாட்ஸ்அப்ல வர்ற இதை நம்பியா அம்மா அப்பாவுக்கு டிக்கெட் போடறே? நில்லு. அந்த நாட்டுல நீ யாரு? குடிமகளா, விசாவுல இருக்கறவளா, சும்மா பார்க்கப் போனவளா? பில் அதைப் பொறுத்துத்தான் வரும்.

1. பிரிட்டன்: என்.ஹெச்.எஸ்.ங்கிற அரசு வைத்தியச் சேவை அங்கேயே குடியிருக்கறவங்களுக்கு. வேலை விசாவுல போறவங்க பெரும்பாலும் வருஷத்துக்கு 1,035 பவுண்டு முன்கூட்டியே கட்டணும். பேரனைப் பார்க்கப் போன அப்பாவுக்கு அவசரப் பிரிவுல பார்க்கறது இலவசம்தான். வார்டுல சேர்த்துட்டா செலவுல ஒன்றரை மடங்கு கேட்பாங்க.

2. அமெரிக்கா: பிரீமியம் குறைச்சல்னு பாலிசி எடுக்காதே. டிடக்டிபிள் எவ்வளவுன்னு முதல்ல பாரு. அதுவரைக்கும் நம்ம கைக்காசுதான். ஆஸ்பத்திரி, டாக்டர், லேப்னு பில் தனித்தனியா வாரக்கணக்கில் வந்துக்கிட்டே இருக்கும். இன்ஷூரன்ஸ்காரங்க அனுப்பற தாள்ல ‘இது பில் அல்ல’ன்னு போட்டிருக்கும். அதைப் பார்த்துப் பதறிப் பணம் கட்டாதே. அசல் பில் வந்ததும் ரெண்டையும் வெச்சு ஒத்துப் பாரு.

3. சிங்கப்பூர்: அரசு ஆஸ்பத்திரியில பி2, சி வார்டுக்கு மானியம் உண்டு, ஆனா குடிமக்களுக்கும் பி.ஆர். (நிரந்தர வசிப்புரிமை) வாங்கினவங்களுக்கும்தான். அந்த ஊர்க்காரத் தோழியோட பில்லைப் பார்த்து மனக்கணக்குப் போடாதே.

4. நம்ம ஊர்: பாலிசியில ரூம் வாடகைக்கு உச்சவரம்பு இருக்கான்னு பாரு. அதைத் தாண்டின ரூம் எடுத்தா, பல பாலிசிகள்ல டாக்டர் பீஸ், ஆபரேஷன் செலவையும் அதே விகிதத்துல வெட்டிடுவாங்க. டீலக்ஸ் ரூம் ஆசையெல்லாம் வேண்டாம்மா.

5. பழைய வியாதி: சுகர், பிரஷரை மறைச்சு டிராவல் இன்ஷூரன்ஸ் எடுக்காதே, கிளெய்ம் அடிபடும். தங்கற நாள் முழுக்கத் தேவையான மாத்திரையும் டாக்டர் சீட்டும் கைப்பையில இருக்கட்டும்.

6. தரம்: ‘எந்த நாடு பெஸ்ட்’னு கேட்காதே, ‘இந்த வியாதிக்கு எங்கே, எத்தனை நாள்ல’ன்னு கேளு. பிரிட்டன்லயும் கனடாலயும் மாரடைப்புன்னா உடனே பார்ப்பாங்க. முட்டி ஆபரேஷனுக்கு மாசக்கணக்கா காத்திருக்கணும்.

7. ஆபரேஷனுக்கு ஊருக்கு வர்றியா? தையல் பிரிக்கறது, பிசியோ, அதுக்கான லீவு எல்லாத்தையும் செலவுல சேர்த்துக்கோ. முட்டி மாத்தின கையோட நீண்ட விமானப் பயணம் வேண்டாம், கால்ல ரத்தம் உறையலாம். டாக்டர் சரின்னதும் திரும்பற டிக்கெட் போடு.

முதல் வேலையா, அம்மா அப்பாவோட பாலிசியை எடுத்து ‘எதுக்கெல்லாம் பணம் தர மாட்டோம்’கிற பக்கத்தைப் படி. மத்த பக்கத்தை விமானத்துல படிச்சுக்கலாம்.