வாய் சொல்லும் எண், கை எண்ணும் எண்

உடும்பஞ்சோலையில் மாலை நேரம். ஏலத்தோட்டத்து வேலை முடிந்து அம்மா லயத்துக்குத் திரும்பினாள். நாலு வயது மகன் ஓடி வந்தான்.

"அம்மா, நான் எண்ணட்டுமா? ஒண்ணு, ரெண்டு, மூணு..."

இருபது வரை நிறுத்தாமல் சொன்னான். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

வாசலில் அப்பத்தா புளியங்கொட்டைகளைப் பரப்பி வைத்திருந்தாள். "ராசா, எனக்கு அஞ்சு கொட்டை குடு" என்றாள். பையன் ஒரு கை அள்ளிக் கொடுத்தான். எண்ணினால் ஒன்பது இருந்தது!

அம்மாவின் முகம் வாடியது. "இருபது வரை சொல்றானே அத்தை, ஏன் இப்படி?"

"வாய் பாட்டு மாதிரி சொல்லுது தாயி. கை இன்னும் எண்ணப் பழகலை."

அம்மா யோசித்தாள். அவளும் ஒரு காலத்தில் எண் அறியாதவள்தான். பறித்த காயின் எடையை யார் என்ன சொன்னாலும் தலையாட்டுவாள். எழுத்தறிவு வகுப்புக்குப் போன பிறகுதான் தானே எடையைப் பார்த்து எழுதி வைக்கிறாள். மகனுக்கு அந்த நிலை வரக் கூடாது.

அன்றே விளையாட்டு தொடங்கியது.

தொட்டு எண்ணுதல்: ஒரு கொட்டையைத் தொட வேண்டும். ஓர் எண் சொல்ல வேண்டும். அதை ஒதுக்கி வைக்க வேண்டும். கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம். குவித்தாலும் ஐந்து ஐந்துதான். பரப்பினாலும் ஐந்துதான்.

ஆளுக்கு ஒரு தட்டு: சாப்பிட எத்தனை பேர்? அத்தனை தட்டுகளைக் குழந்தை எடுத்து வரட்டும்.

ஒளித்த கொட்டை: ஐந்து கொட்டைகளைக் காட்டுங்கள். இரண்டைக் கைக்குள் மறையுங்கள். "கைக்குள் எத்தனை?" என்று கேளுங்கள். இதுதான் கழித்தல்.

பல்லாங்குழி: குழிக்கு ஒரு கொட்டையாகப் போடும்போது கையும் எண்ணும் சேர்ந்து போகும். ஒரு குழியில் நாலு கொட்டை சேர்ந்தால் அது 'பசு'. பழகிய குழந்தை எண்ணாமலே பசுவைக் கண்டுபிடித்துவிடும்.

கல்வி அறிஞர்களும் இதைத்தான் சொன்னார்கள். இத்தாலியைச் சேர்ந்த மரியா மாண்டிசோரி 1939-ல் சென்னைக்கு வந்தார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கொடைக்கானலிலும் தங்கினார். அவரது முறையில் குழந்தைகள் குச்சிகளை எண்ணிப் பெட்டியில் போடுவார்கள். '1' என்ற அறையில் ஒரு குச்சி. '2' என்ற அறையில் இரண்டு. '0' என்ற அறை காலியாக இருக்கும். 'ஒன்றும் இல்லை' என்பதற்கும் ஓர் எண் உண்டு என்று அப்போது புரியும்.

கவனம்! சிறு குழந்தைகள் கொட்டையை வாயிலும் மூக்கிலும் போட்டுக்கொள்வார்கள். மூன்று வயதுக்குள் கொட்டை வேண்டாம். டம்ளர், தேங்காய்ச் சிரட்டை போன்ற பெரிய பொருள்களே போதும். எப்போதும் ஒருவர் அருகில் இருக்க வேண்டும். தவறாக எண்ணினால் திட்டாதீர்கள். மறுபடி சேர்ந்து எண்ணுங்கள்.

சில வாரங்கள் கழிந்தன. அப்பத்தா மறுபடியும் ஐந்து கொட்டை கேட்டாள். பையன் ஒவ்வொன்றாக எடுத்து அவள் கையில் வைத்தான். ஐந்தோடு நிறுத்தினான்.

"போதுமா அப்பத்தா, இன்னும் வேணுமா?" என்று கேட்டான்.

பேசுவோம், செய்வோம்

1. பையன் முதலில் ஏன் ஒன்பது கொட்டை கொடுத்தான்?
2. உங்கள் வீட்டில் எந்தப் பொருள்களை வைத்து எண்ணப் பழக்கலாம்?
3. பல்லாங்குழியில் 14 குழிகள். குழிக்கு 5 கொட்டை போட்டால் மொத்தம் எத்தனை?