ஓநாய் உருவில் ஒரு சூரியன்

கேள்வி: புதிதாக வரும் பெரிய கேம்கள் எல்லாம் ஒரே அச்சாக இருக்கின்றன. பி.எஸ்.5-இல் விளையாட, கவனிக்கப்படாமல் போன பழைய கேம் ஏதாவது சொல்லுங்களேன்?

பதில்: எல்லாமே அப்படியில்லை, 2024-இல் வந்த 'ஆஸ்ட்ரோ பாட்' அருமை. பழையதில் என் தேர்வு, காப்காமின் 'ஓகாமி'. 2006-இல் பி.எஸ்.2-க்கு வந்தது. விமர்சகர்கள் கொண்டாடினார்கள், விற்பனைதான் கைகொடுக்கவில்லை. உருவாக்கிய குளோவர் ஸ்டுடியோவையே அடுத்த ஆண்டு மூடிவிட்டார்கள். எவ்வளவு பெரிய இழப்பு!

வெள்ளை ஓநாயாக வரும் சூரிய தெய்வம் அமதெராசுதான் நாயகி. ஒரு பட்டனை அழுத்தினால் காட்சி அப்படியே உறைந்து, ஓவியத் தாளாகிவிடும். தூரிகையால் வானில் வட்டம் போட்டால் சூரியன் உதிக்கும். பட்ட மரத்தைச் சுற்றி வரைந்தால் பூத்துக் குலுங்கும். ஓநாய் வேகமெடுத்து ஓடினால், கால் பட்ட இடமெல்லாம் பூ முளைக்கும்.

தொடக்கத்தில் கதை சொல்லும் பகுதி கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். 2017-இல் வந்த பி.எஸ்.4 பதிப்பு உங்கள் பி.எஸ்.5-இலும் ஓடும். அடுத்த பாகத்தை 2024 டிசம்பரில் அறிவித்திருக்கிறார்கள். அது வருவதற்குள் இதை முடித்துவிடுங்கள்.