மில் காம்பவுண்டுக்குள் லாரி மோதினால் எந்தச் சட்டம்?

கேள்வி: என் தம்பிக்கு 30 வயது. எட்டுப் பேர் வேலை செய்யும் ரைஸ்மில்லில் லோடுமேன். மாதச் சம்பளம் 20,000 ரூபாய். இ.எஸ்.ஐ. கிடையாது. 2025 அக்டோபரில், நெல் இறக்க வந்த வெளியாள் லாரி ரிவர்ஸ் எடுக்கும்போது மோதியதில் ஒரு காலை எடுக்க வேண்டியதாயிற்று. “காம்பவுண்டுக்குள் நடந்ததால் இது வேலை விபத்து, வாகன விபத்து கேஸ் போட முடியாது” என்கிறார் மில்காரர். கொஞ்சம் பணமும் தருகிறார். வாங்கலாமா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: உங்கள் தம்பிக்கு நேர்ந்தது வேலை விபத்தும்தான், வாகன விபத்தும்தான். விபத்து நடந்தபோது நடைமுறையில் இருந்த 1923ஆம் ஆண்டின் பணியாளர் இழப்பீட்டுச் சட்டப்படி மில்காரரிடம் கேட்கலாம். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி லாரி உரிமையாளரிடமும் இன்சூரன்ஸ் நிறுவனத்திடமும் கேட்கலாம். ஆனால் வாகனச் சட்டத்தின் 167ஆம் பிரிவு, இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க விடுகிறது. ஒன்றைத் தேர்ந்து வழக்காடியவர் பிறகு மற்றதற்குப் போக முடியாது என்று 2005இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. எனவே விபத்து எந்த இடத்தில் நடந்தது என்பதைவிட, தவறு யாருடையது, அதை நிரூபிக்க முடியுமா என்பதைப் பார்த்து முதல் மனுவைப் போடுங்கள்.

கணக்கைப் பாருங்கள். காலை இழந்த லோடுமேனின் சம்பாத்தியம் முழுவதும் போனதாகவே வைத்துக்கொள்வோம். இடது கையை இழந்த தச்சருக்கு உச்ச நீதிமன்றம் 1975இல் அப்படித்தான் முடிவு செய்தது. பணியாளர் சட்டத்தில் சம்பளம் எவ்வளவு அதிகமானாலும் கணக்கில் வருவது 15,000 ரூபாய் வரைதான். அதில் 60 சதவீதத்தை 30 வயதுக்குரிய 207.98ஆல் பெருக்கினால் 18,71,820 ரூபாய். வாகன விபத்துத் தீர்ப்பாயத்திலோ முழுச் சம்பளம் கணக்கில் வரும். அதோடு எதிர்கால உயர்வுக்காக 40 சதவீதம் சேர்த்து 17 ஆண்டுகளுக்குப் பெருக்குவார்கள். அது 57,12,000 ரூபாய். மருத்துவச் செலவு, செயற்கைக் கால், வலி வேதனை ஆகியவற்றுக்கு இதற்குமேல் தனியாகக் கேட்கலாம். இந்த வித்தியாசத்தை ஓர் உழைப்பாளிக் குடும்பம் தெரியாமல் இழக்கக்கூடாது.

காம்பவுண்டு என்ற ஆட்சேபம் நிற்காது. பாலிசி பொது இடத்துக்கு மட்டும்தான் என்று இன்சூரன்ஸ்காரர்கள் வாதிடக்கூடும். அனுமதியோடு பிறர் வந்துபோகும் தனியார் இடமும் பொது இடமே என்று பம்பாய் உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு முன்பே கூறியிருக்கிறது. நெல் லாரிகள் நாள்தோறும் வந்துபோகும் மில் முற்றத்துக்கு அது நன்றாகவே பொருந்தும். மோதியது ஆலைக்குள் மட்டுமே ஓடுவதற்கென அமைத்த ஃபோர்க்லிஃப்ட்டாக இருந்திருந்தால் நிலைமை வேறு. அத்தகைய வண்டியைச் சட்டம் மோட்டார் வாகனமாகவே கருதுவதில்லை. அப்போது பணியாளர் சட்டத்தைத்தான் நம்ப வேண்டியிருக்கும்.

“தீர்ப்பாயத்தில் டிரைவரின் கவனக்குறைவை நிரூபிக்க வேண்டுமே” என்று கேட்டால், அது நியாயமான பயம். தம்பி தானாகவே லாரிக்குப் பின்னால் போய் நின்றார் என்று எதிர்த்தரப்பு சொல்லி, அவருடைய பங்குக்குத் தொகையைக் குறைக்கப் பார்க்கலாம். பணியாளர் சட்டத்தில் இந்தச் சுமை இல்லை. வேலையால், வேலையின்போது நேர்ந்தது என்று காட்டினால் போதும். ஆகவே டிரைவர்மேல் எஃப்.ஐ.ஆர். பதிவாகியிருக்கிறதா, பார்த்தவர்கள் சாட்சி சொல்வார்களா என்று முதலில் பாருங்கள். இரண்டும் இருந்தால் தீர்ப்பாயத்துக்கே போங்கள். எதுவுமே இல்லையென்றால் பணியாளர் சட்டப்படி இழப்பீட்டை விசாரிக்கும் ஆணையரிடம் போவதுதான் புத்திசாலித்தனம்.

மில்காரர் தரும் பணத்தை உதவியாக வாங்கலாம். அதனால் மட்டும் உங்கள் தேர்வு முடிந்துவிடாது. ஆணையருக்கான மனுவிலோ வெற்றுத்தாளிலோ மட்டும் கையெழுத்துப் போட வேண்டாம். “இனி எதுவும் கேட்கமாட்டேன்” என்று ஏற்கெனவே எழுதிக் கொடுத்திருந்தாலும், பணியாளர் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி அது செல்லாது. ஆணையரிடம் போக இரண்டு ஆண்டுகள் இருக்கின்றன. தீர்ப்பாயத்துக்கோ ஆறு மாதம்தான். 2026 ஏப்ரலில் வரும் அந்தத் தேதிக்குள் மனு உள்ளே போயிருக்க வேண்டும்.