சொடக்கு எடுத்தால் காயம் ஆறிவிடுமா?

ஞாயிற்றுக்கிழமை காலை தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டைப் பக்கத்து மைதானம் எதற்குப் போனாலும், இடுப்பைப் பிடித்துக்கொண்டு பவுண்டரிக்கு வெளியே உட்கார்ந்திருக்கும் ஒருவரைப் பார்க்கலாம். சுற்றி நாலு பேர் நிற்பார்கள். நாலு பேரிடமும் நாலு வைத்தியம் இருக்கும். ஒருவர் பையிலிருந்து ஸ்ப்ரேயை எடுத்து அடிப்பார். ஒருவருக்கு முடிச்சூர்ப் பக்கம் சுளுக்கு எடுக்கும் பெரியவரைத் தெரியும். மூன்றாமவர் புத்தூர் கட்டைச் சிபாரிசு செய்வார். நான்காமவர் செல்போனை நீட்டுவார். அதில் குப்புறப் படுத்திருப்பவரின் முதுகில் ஓர் அழுத்து, ‘டக்’கென்று ஒரு சத்தம், எழுந்தவர் முகத்தில் சிரிப்பு. “கைரோபிராக்டிக்டா மச்சி, ஒரே சிட்டிங்ல சரியாயிடும்.”

நாலும் வேறு வேறு போலத் தெரிந்தாலும் அடியில் இருக்கும் நம்பிக்கை ஒன்றுதான். உள்ளே ஏதோ இடம் மாறிவிட்டது, விஷயம் தெரிந்த கை பட்டால் பழைய இடத்தில் போய் உட்கார்ந்துவிடும் என்பது அது. தோள்மூட்டு கழன்றவருக்கு இது சரி. ஆனால் விளையாட்டில் வரும் காயங்களில் பெரும்பாலானவை அந்த வகை அல்ல. தசை கிழிகிறது, லிகமென்ட் இழுபடுகிறது, தாங்க முடியாத சுமையை எலும்பு திரும்பத் திரும்ப வாங்கி விரிசல் விடுகிறது. எதுவும் இடம் மாறாதபோது எதைத் திரும்ப வைப்பது?

‘சத்தம் வந்தா எலும்பு உட்கார்ந்துடுச்சுன்னு அர்த்தம்’

இந்தக் கதைக்கு 130 வயது ஆகிறது. 1895-இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்து டேவன்போர்ட் நகரில் காந்த வைத்தியம் செய்துகொண்டிருந்த டி. டி. பால்மர், காது மந்தமாகிவிட்ட ஹார்வி லில்லார்ட் என்ற துப்புரவுத் தொழிலாளியின் முதுகெலும்பை அழுத்திக் கேட்கும் திறனைத் திரும்ப வரவழைத்ததாகச் சொன்னார். அங்கிருந்துதான் கைரோபிராக்டிக் பிறந்தது. முள்ளெலும்பு லேசாக விலகினால் நரம்பின் ஓட்டம் தடைபடும், பெரும்பாலான நோய்களுக்கு அதுவே காரணம் என்பது பால்மரின் கொள்கை. இன்று படித்துவிட்டு வரும் கைரோபிராக்டர்களில் பலர் அதைக் கைவிட்டுவிட்டு, முதுகு, கழுத்து, மூட்டு வலிகளோடு நின்றுகொள்கிறார்கள். செல்போன் வீடியோக்களுக்கு மட்டும் இந்தச் செய்தி போய்ச் சேரவில்லை.

சத்தத்துக்கு வருவோம். மூட்டுக்குள் வழவழப்பான திரவம் இருக்கிறது. மூட்டைச் சட்டென்று இழுத்தால் உள்ளே அழுத்தம் குறைந்து, திரவத்தில் கரைந்திருக்கும் வாயு குமிழியாகக் கிளம்புகிறது. கோலி சோடாவை உடைத்தால் நடப்பதும் ஏறக்குறைய இதுதான். 2015-இல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தினர் ஒருவரின் விரல்களை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் வைத்துச் சொடுக்கி, சத்தம் வரும் கணத்தில் மூட்டுக்குள் வாயுக்குழி உருவாவதைப் படம் பிடித்தார்கள். அங்கே எலும்பு எதுவும் இடம் பெயரவில்லை. கொஞ்ச நேரம் கழியாமல் அதே மூட்டு மறுபடி சொடுக்காததும் இதனால்தான்.

சொடக்கு எடுத்தால் மூட்டு தேய்ந்துவிடும் என்று வீட்டில் பாட்டிமார் சொல்வார்களே, அதுவும் சரியில்லை. கலிபோர்னியா மருத்துவர் டொனால்ட் அங்கர் ஒரு கை விரல்களை மட்டும் ஐம்பது ஆண்டுகளுக்கும் மேல் தினமும் சொடுக்கி, மறு கையைத் தொடாமல் வைத்திருந்தார். இரண்டு கைகளுக்கும் வித்தியாசமே இல்லை. அதற்காக 2009-இல் அவருக்கு இக்நோபல் பரிசு கொடுத்துக் கௌரவித்தார்கள். தன் அம்மாவும் அத்தைமாரும் சொன்னதைச் சோதிக்க அரை நூற்றாண்டைச் செலவழித்த பிடிவாதத்துக்கு அந்தப் பரிசு தகும்.

‘முதுகெலும்பு நேரா இருந்தாத்தான் வேகமா ஓட முடியும்’

உசைன் போல்ட்டுக்கு முதுகெலும்பு வளைவு உண்டு. அவரே சுயசரிதையில் சொல்லியிருக்கிறார். 2009-இல் பெர்லினில் 100 மீட்டரை 9.58 விநாடியில் ஓடியது அதே முதுகுதான். வளைவை நிமிர்த்தி அவர் ஓடவில்லை. வயிறு, இடுப்பு, முதுகுத் தசைகளை வலுப்படுத்திக்கொண்டு ஓடினார்.

இதோடு ஒட்டிய இன்னொரு பயம் “டிஸ்க் நழுவிடுச்சு” என்பது. டிஸ்க் என்பது இரண்டு முள்ளெலும்புகளுக்கு இடையே உறுதியாக ஒட்டிக்கொண்டிருக்கும் பொருள். அது பிதுங்கலாம், கிழியலாம், நழுவ வழியில்லை. பிதுங்கினால் வலித்தே தீரும் என்பதும் இல்லை. முதுகுவலியே இல்லாதவர்களை ஸ்கேன் எடுத்துப் பார்த்த ஆய்வுகளை 2015-இல் தொகுத்தார்கள். இருபது வயதுக்காரர்களில் 30 சதவீதம் பேருக்கும், எண்பது வயதுக்காரர்களில் 84 சதவீதம் பேருக்கும் டிஸ்க் பிதுங்கி இருந்தது. ஆகவே எம்.ஆர்.ஐ. அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு “இதைத் தள்ளி உள்ளே அனுப்பிவிடுகிறேன்” என்று யாராவது சொன்னால், அவர் வலிக்குத் தொடர்பே இல்லாத ஒன்றைத் தள்ளப் பார்க்கிறார் என்பதற்கும் வாய்ப்பு இருக்கிறது.

‘வலி போயிடுச்சு, அடுத்த மேட்ச் ஆடலாம்’

நம்பிக்கைகளிலேயே விலை அதிகமானது இதுதான். கைரோபிராக்டரோ பிசியோவோ சுளுக்கு எடுப்பவரோ, யார் கை பட்டாலும் கொஞ்ச நேரத்துக்கு வலி குறைவது நிஜம். அழுத்தமும் அசைவும் நரம்பு மண்டலம் வலியை எடைபோடும் விதத்தை மாற்றுகின்றன. இறுகிய தசை தளர்கிறது. அது பொய்யான சுகம் அல்ல. ஆனால் கிழிந்த தசை அந்தப் பத்து நிமிடத்தில் ஒட்டிவிடுவதில்லை.

2021 ஜனவரி 11, ஆஸ்திரேலியாவுக்கு எதிரான சிட்னி டெஸ்டின் கடைசி நாள். அஸ்வினுக்கு முதுகு பிடித்துக்கொண்டு, காலையில் குனிந்து ஷூ லேஸ் கட்டக்கூட முடியவில்லை. எதிரில் நின்ற ஹனுமா விஹாரிக்குத் தொடையின் பின்தசை கிழிந்திருந்தது. விஹாரி 161 பந்துகளில் 23, அஸ்வின் 128 பந்துகளில் 39. இருவரும் அவுட் ஆகாமல் ஆட்டத்தை டிரா செய்தார்கள். அந்த ஆட்டத்தை நாம் இன்னும் பேசுகிறோம். அதன் பின்பாதியை அவ்வளவாகப் பேசுவதில்லை. நாலு நாள் கழித்து பிரிஸ்பேன் டெஸ்ட் தொடங்கியபோது இருவருமே அணியில் இல்லை. உலகின் சிறந்த பிசியோக்கள் கூடவே இருந்தும், மன உறுதி இமயமலை அளவு இருந்தும், காயம் தனக்கு வேண்டிய நாளை எடுத்துக்கொண்டது. காயங்களால் காலியான இடங்களில்தான் வாஷிங்டன் சுந்தரும் நடராஜனும் டெஸ்டில் அறிமுகமானார்கள்.

எலும்பு விரிசல் என்றால் நாள் கணக்கு போதாது. 2004 பாகிஸ்தான் தொடரில் நம்மூர் லட்சுமிபதி பாலாஜி கொண்டாடப்பட்டதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அதன்பின் முதுகெலும்பில் ஏற்பட்ட அழுத்த முறிவு அவருடைய நல்ல ஆண்டுகளைத் தின்றது. பந்து வீசும் முறையையே மாற்றிக்கொண்டு திரும்பிவந்து, 2008 மே மாதம் சேப்பாக்கத்தில் ஐ.பி.எல்.லின் முதல் ஹாட்ரிக்கை எடுத்தார்.

இதை இங்கே அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. பதினைந்து வயதில் வேகப்பந்து வீசும் பையன்கள் நம் பக்கத்துப் பயிற்சி மையங்களில் நிறைய இருக்கிறார்கள். கீழ்முதுகில் ஒரு பக்கமாக வலி, பின்னால் வளைந்தால் கூடுதல் வலி, இரண்டு மூன்று வாரமாகியும் விடவில்லை என்றால், முதலில் நினைக்க வேண்டியது இந்த அழுத்த முறிவைத்தான். ஆரம்பத்தில் சாதாரண எக்ஸ்ரேயில் அது தெரியாமலும் போகும், எம்.ஆர்.ஐ. தேவைப்படும். அந்த முதுகில் ‘டக்’ சத்தம் எழுப்ப யாரையும் விடக் கூடாது. பந்தைக் கீழே வைப்பதுதான் அதற்கு வைத்தியத்தின் முதல் பாதி.

‘நடக்க முடியலன்னாலும் சுளுக்குதான், கட்டுப் போட்டா சரியாயிடும்’

கணுக்கால் பிசகினால் அது சுளுக்கா முறிவா என்று ஓரளவு நாமே கணிக்க ஒரு வழி இருக்கிறது. 1992-இல் கனடாவின் ஒட்டாவா மருத்துவர்கள் வகுத்தது. அடிபட்டவுடனும் சரி, பிறகு மருத்துவரிடம் போனபோதும் சரி, நொண்டியாவது நாலு எட்டு வைக்க முடியவில்லை என்றால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். கணுக்காலின் இருபக்க மேட்டு எலும்புகளின் பின் ஓரத்தையோ நுனியையோ விரலால் அழுத்தும்போது எலும்பின் மேலேயே வலித்தாலும் எடுக்க வேண்டும். பாதத்தின் வெளிப்பக்கம், சுண்டுவிரலிலிருந்து வரும் எலும்பின் அடியில் வலித்தாலும் அப்படியே. இவை எதுவும் இல்லையென்றால் முறிவு இருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

ஆந்திராவின் புத்தூரிலிருந்து கிளம்பிய கட்டு இன்று ஜி.எஸ்.டி. சாலை முழுக்கப் பலகையாகத் தொங்குகிறது. அதற்கு நல்ல பெயர் வந்ததற்கும் காரணம் இருக்கிறது. விலகாத முறிவை அசையாமல் வைத்தால் எலும்பு தானாகவே கூடிவிடும். மாவுக்கட்டானாலும் மூங்கில் சிம்பானாலும் பெயர் கட்டியவருக்குப் போகும். விலகிய முறிவில்தான் வித்தியாசம் தெரியும். கட்டு இறுகி விரல்கள் நீலம் பாரித்தாலோ, மரத்துப்போனாலோ, விரலை நீட்டிவிட்டால் உயிர்போகிற மாதிரி வலித்தாலோ அந்த நிமிடமே கட்டை அவிழ்த்துவிட்டு மருத்துவமனைக்கு ஓட வேண்டும். ரத்தம் போகாத தசை சில மணி நேரத்தில் செத்துவிடும்.

‘கழுத்துச் சொடக்குல என்ன ஆகிடப் போகுது?’

முடி வெட்டி முடித்ததும் சலூனில் தலையை இரண்டு பக்கமும் வெடுக்கென்று திருப்புவார்களே, அதைச் சொல்கிறேன். மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் இரண்டு தமனிகள் கழுத்து எலும்புகளிலுள்ள துளைகள் வழியாக மேலே ஏறுகின்றன. வெடுக்கென்ற திருப்பலில் அவற்றின் உள்சுவர் கிழிந்து, ரத்தம் உறைந்து, பக்கவாதம் வந்த சம்பவங்கள் உலகெங்கும் பதிவாகியிருக்கின்றன. அரிதுதான், ஆனால் கழுத்துப் பிடிப்புக்காகக் கொடுக்கிற விலை அல்ல அது. சலூன்காரருக்கும் கைரோபிராக்டருக்கும் இந்த எச்சரிக்கை பொதுவானது. திருகலுக்குப் பிறகு தலைசுற்றல், இரட்டைப் பார்வை, பேச்சுக் குழறல், முன்பு இல்லாத கடுமையான கழுத்துவலி, இவற்றில் ஒன்று வந்தாலும் 108-ஐ அழைக்க வேண்டும். படுத்து எழுந்தால் சரியாகும் என்று காத்திருக்கக் கூடாது.

‘போர்டுல டாக்டர்னு போட்டிருக்கே?’

பிரிட்டனில் கைரோபிராக்டர்களுக்கு 1994-இல் தனிச்சட்டமும் அதன் கீழ் ஒரு கவுன்சிலும் வந்தன. அமெரிக்காவில் மாநிலந்தோறும் உரிமம் உண்டு. இந்தியாவில் அப்படிச் சட்டப்பூர்வமான கவுன்சில் இல்லை. வெளிநாட்டில் ஆண்டுக்கணக்கில் படித்துவிட்டு வந்தவரும், ஒரு வாரப் பயிற்சிச் சான்றிதழை மாட்டியிருப்பவரும் ஒரே மாதிரி பலகை வைக்கலாம். இதில் ஒரு வேடிக்கை. தாம்பரம் சானடோரியத்தில் 2005 முதல் இயங்கும் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தில் வர்மம் பார்க்கும் மருத்துவர், ஐந்தரை ஆண்டு பட்டப்படிப்பு முடித்துப் பதிவு செய்தவர். தவறு நடந்தால் கேட்க இடம் இருக்கிறது. அதற்காக வர்மம் லிகமென்டை ஒட்டவைக்கும் என்று சொல்ல வரவில்லை. அந்நிறுவனம் ஒரே நேரத்தில் 567 பேருக்கு வர்மம் செய்து கின்னஸில் இடம் பிடித்தது. அது எண்ணிக்கைக்குக் கிடைத்த சாதனை, குணமானதற்கான அத்தாட்சி அல்ல.

‘ஒலிம்பிக்லயே வச்சிருக்காங்க’

வைத்திருக்கிறார்கள். 1980 லேக் பிளாசிட் குளிர்கால ஒலிம்பிக்கில் அமெரிக்க அணியுடன் ஜார்ஜ் குட்ஹார்ட் என்ற கைரோபிராக்டர் போனார். 2012 லண்டன் விளையாட்டுக் கிராமத்து மருத்துவமனையிலும் கைரோபிராக்டர்கள் இருந்தார்கள். ஆனால் அங்கே கைரோபிராக்டர், எலும்பு மருத்துவர், பிசியோ, பயிற்சியாளர் எல்லோரும் இருக்கும் ஒரு பெரிய குழுவில் ஒருவர். ஸ்கேனைப் பார்த்து முறிவு இல்லை என்று ஒருவர் சொன்ன பிறகு மேசைக்கு வரும் வீரருக்கும், நேரே வந்து குப்புறப் படுக்கும் நமக்கும் நிறைய தூரம்.

அப்படியானால் பயனே இல்லையா? இருக்கிறது, அளவோடு. நாள்பட்ட கீழ்முதுகுவலி பற்றிய 47 ஆய்வுகளை, ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரங்களோடு, 2019-இல் ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். முதுகை அழுத்திச் சொடுக்கும் சிகிச்சை, உடற்பயிற்சி போன்ற பரிந்துரைக்கப்பட்ட மற்ற சிகிச்சைகளுக்குச் சமமாக வலியைக் குறைத்தது, மேலாக அல்ல. விளையாட்டுக் காயத்துக்கு வந்தால் ஆதாரம் மெலிந்துவிடுகிறது. ஆஸ்திரேலியப் பாணிக் கால்பந்து ஆடும் 59 பேரை வைத்து நடந்து 2010-இல் வெளிவந்த ஆய்வில், கைரோபிராக்டிக்கும் சேர்த்துப் பெற்றவர்களுக்குக் கால் தசை இழுபடும் காயங்கள் குறைந்தன. தொடைப் பின்தசைக் காயம் குறைந்ததா என்பதை உறுதியாகச் சொல்ல முடியவில்லை. 59 பேர் மிகச் சின்ன எண்ணிக்கை.

அந்தப் பின்தசைக்கு உறுதியான ஆதாரம் உள்ள வழி ஒன்று இருக்கிறது. அதை யாரும் வீடியோ எடுத்துப் பரப்புவதில்லை. நார்டிக் பயிற்சி என்று பெயர். முழங்காலுக்கு அடியில் துண்டை மடித்துப் போட்டு மண்டியிட வேண்டும். நண்பர் ஒருவர் பின்னாலிருந்து இரண்டு கணுக்கால்களையும் தரையோடு அழுத்திப் பிடிப்பார். இடுப்பை மடக்காமல், உடம்பை எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாக முன்னால் சாய்க்க வேண்டும். தாங்க முடியாதபோது கையை ஊன்றிக்கொள்ளலாம். எட்டாயிரத்துக்கும் அதிகமான வீரர்களைக் கொண்ட ஆய்வுகளின் தொகுப்பு ஒன்று, இதைப் பயிற்சியில் சேர்த்த அணிகளில் பின்தசைக் காயங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததாக 2019-இல் சொன்னது. முதல் வாரம் தொடை நன்றாக வலிக்கும், அதனால் வாரத்துக்கு ஒருநாள், ஐந்து தடவையில் தொடங்கினால் போதும். மேட்சுக்கு முந்தைய நாள் மட்டும் வேண்டாம்.