கடுவன் பூனை வளர்க்கிறியா? மண் தட்டைப் பாரு!

"பூனை சரியா சாப்பிடலக்கா"ன்னு யார் போன் பண்ணினாலும் நான் முதல்ல கேட்கிறது மண் தட்டைப் பத்திதான். காலையில அள்ளும்போது மூத்திரக் கட்டி எத்தனை இருந்தது, என்ன அளவு? நல்லா இருக்கிற பூனை ஒரு நாளைக்கு 2 முதல் 4 தடவை ஒண்ணுக்குப் போகும். உன் பூனையோட வழக்கம் தெரிஞ்சிருந்தா மாற்றம் தானா கண்ணில படும்.

கட்டி சின்னதாகி, பூனையும் சோர்ந்திருந்தா, உதட்டைத் தூக்கி ஈறைத் தொட்டுப் பாரு. வழுவழுன்னு ஈரமா இருக்கணும். விரல் ஒட்டினா உடம்புல தண்ணி வத்துதுன்னு அர்த்தம். தோள்பட்டை நடுவில தோலை மெல்லத் தூக்கி விட்டா சட்டுன்னு படியணும். கிழட்டுப் பூனைக்கும் மெலிஞ்ச பூனைக்கும் தோல் எப்பவுமே மெதுவாத்தான் படியும். அங்கே ஈறைத்தான் நம்பணும். கண் உள்ளே போயிருந்தா வீட்டு வைத்தியம் வேண்டாம், டாக்டர்தான். சிரிஞ்சால தண்ணியை வாயில பீய்ச்சாதே, நுரையீரலுக்குப் போயிடும்.

கட்டி பெருசாகி, கிண்ணமும் சீக்கிரம் காலியானா, வெயிலுக்குக் குடிக்குதுன்னு விட்டுடாதே. வயசான பூனைக்குச் சிறுநீரகக் கோளாறோ, சர்க்கரையோ, தைராய்டோ இருக்கலாம். தண்ணியைக் குறைக்காம, ரத்தம், சிறுநீர் ரெண்டையும் டெஸ்ட் பண்ணிடு.

எனக்கு ரொம்ப பயம் கடுவனை நினைச்சுத்தான். அதுக்கு மூத்திரக்குழாய் ரொம்பக் குறுகல். பொடிக்கல்லோ சளி மாதிரிக் கழிவோ அடைச்சா அவ்வளவுதான். தட்டில ஏறி முக்கும், கத்தும், இறங்கும், மறுபடி ஏறும். குறியை விடாம நக்கும். மண்ணைக் கிளறிப் பார்த்தா ஒண்ணும் இருக்காது, இல்லேன்னா ரெண்டு சொட்டு, சில சமயம் ரத்தத்தோட. முக்குறதைப் பார்த்து மலச்சிக்கல்னு நினைச்சு விளக்கெண்ணெய் கொடுக்கிறவங்க உண்டு. அடைப்புன்னா ரத்தத்துல பொட்டாசியம் ஏறி இதயத்தையே நிறுத்திடும், ஒண்ணு ரெண்டு நாள்ல உயிர் போயிடும். விடியட்டும்னு காத்திருக்காதே. வாழைத்தண்டுச் சாறும் வேண்டாம். அடைச்ச மூத்திரப்பையில இன்னும் மூத்திரம் சேர்ந்தா வலிதான் கூடும். பாராசிட்டமால் பூனைக்கு விஷம், அரை மாத்திரைகூடக் கூடாது. வயித்தை அமுக்கிப் பார்க்காம, கூடையில வச்சு உடனே கிளம்பு.

பூனையோட மூதாதை பாலைவனக் காட்டுப்பூனை, அதனால தாகமே கம்மி. 4 கிலோ பூனைக்கு, சாப்பாட்டு ஈரத்தையும் சேர்த்து, ஒரு நாளைக்குச் சுமார் 200 மி.லி. தண்ணி வேணும். ட்ரை ஃபுட்ல ஈரம் 10 சதவீதம் அளவுதான். கிரேவி பாக்கெட்ல முக்கால் பங்குக்கு மேல. ஒரு வேளையாவது ஈரமான சாப்பாடு கொடு. மீன் வேகவச்ச தண்ணியை ஊத்தலாம். உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் அதுல விழக்கூடாது. வாய் அகலமான கிண்ணத்தை மண் தட்டுக்குத் தள்ளி ரெண்டு மூணு இடத்துல வை. பால் தண்ணிக்கு ஈடில்ல, நிறையப் பூனைக்கு வயித்தாலே போகும்.

ராத்திரியில திறந்திருக்கிற கால்நடை மருத்துவமனை பக்கத்துல எதுன்னு இன்னைக்கே விசாரிச்சு நம்பரைப் போன்ல போட்டு வை. அங்கே போனதும், கடைசியா எப்போ ஒண்ணுக்குப் போச்சுங்கறதை முதல்ல சொல்லு.