கருவியும் பயனும்

உழவருக்கு ஏர், தச்சருக்கு உளி, மீனவருக்கு வலை என்று ஒவ்வொரு தொழிலுக்கும் உரிய கருவி ஒன்று உண்டு. கருவியின் சிறப்பு அதன் புதுமையிலோ விலையிலோ அமைவதன்று. அதனைக் கையாளுவோரின் தேவையை அது எவ்வளவு நிறைவேற்றுகிறது என்பதிலேயே அமைகிறது. நஞ்சைச் சேற்றுக்கு ஏற்ற கலப்பை புன்செய்க் கட்டாந்தரைக்கு ஏலாது. ஆழ்கடலுக்கு உரிய வலை ஏரி மீனுக்கு உதவாது.

இவ்வுண்மை கணினிக்கும் பொருந்தும். கணினிக் கருவிகளைப் பற்றி மென்பொருள் வல்லுநர் பலவாறு கருதுவர். புதியதே சிறந்தது என்பார் சிலர். கை பழகியதே போதும் என்பார் வேறு சிலர். விரைவே வேண்டும் என்பாரும், எளிமையே வேண்டும் என்பாரும் உளர். இவற்றுள் எது சரி என்பதைச் சொல்லளவில் வாதித்து முடிவு செய்தல் அரிது. ஆனால், புதுவை மாநிலத்தின் சிற்றூர்கள் சிலவற்றில் 1998ஆம் ஆண்டு தொடங்கிய முயற்சி ஒன்று இவ்வினாவுக்குச் செயலால் விடை கூறியது.

ஊர்களின் இயல்பு

புதுச்சேரி நகரத்திற்கு மேற்கே ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது வில்லியனூர். திருக்காமீசுவரர் கோயிலும் சங்கராபரணி ஆறும் அவ்வூருக்கு அழகு செய்கின்றன. அதற்குத் தெற்கே அமைந்த பாகூர், பேரேரி ஒன்றின் நீரால் செழித்த நெல் வயல்களை உடையது. பாகூரில் கிடைத்த பல்லவர் காலச் செப்பேடுகள், நிருபதுங்கவர்மன் காலத்தில், அதாவது 9ஆம் நூற்றாண்டில், அங்கிருந்த கல்விச்சாலைக்கு மூன்று ஊர்கள் கொடையாக அளிக்கப்பட்டதைத் தெரிவிக்கின்றன. அறிவைப் பேணுவதற்கு ஊரின் பொருளைச் செலவிடும் வழக்கம் இம்மண்ணுக்குப் புதிதன்று.

வில்லியனூரை அடுத்த கீழூரும் வரலாற்றுப் புகழ் வாய்ந்தது. புதுவை இந்தியாவுடன் இணைவதா என்பதை முடிவு செய்ய, 1954ஆம் ஆண்டு அக்டோபர் 18ஆம் நாள் மக்கள் பேராளர் 178 பேர் அவ்வூரிலேயே கூடி வாக்களித்தனர். அவர்களுள் 170 பேர் இணைப்பை ஆதரித்தனர்.

இத்தகைய பெருமைகள் இருந்தும், 1990களில் இச்சிற்றூர் மக்களுக்கு வேண்டிய செய்திகள் வேண்டிய பொழுதில் கிடைக்கவில்லை. நெல்லின் விலை இன்று என்ன என்பதை உழவர் வணிகரிடமே கேட்டறிய வேண்டியிருந்தது. விலையை உரைப்பவரும் வாங்குபவரும் ஒருவரேயாயின் அவ்வுரை எவ்வாறு நடுநிலையாக இருக்கும்? அரசு ஏழையர்க்கு வகுத்த உதவித் திட்டங்கள் பல இருந்தன. அவை இருப்பதே பலருக்குத் தெரியாது. கடல் சீறுமா, அடங்குமா என்பதை அறியாமலே மீனவர் படகைத் தள்ளினர்.

முதலிற் கேட்டறிந்தது

வேளாண் அறிவியலறிஞர் மா. சா. சுவாமிநாதன் 1988ஆம் ஆண்டு சென்னையில் நிறுவிய ஆராய்ச்சி நிறுவனம் இக்குறையைப் போக்க முன்வந்தது. கனடா நாட்டின் பன்னாட்டு வளர்ச்சி ஆய்வு மையம் பொருளுதவி செய்தது. இவ்வாறு 1998இல் ஊரறிவு நிலையத் திட்டம் தொடங்கியது.

அத்திட்டத்தினர் கணினிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு நேரே ஊருக்குள் நுழைந்துவிடவில்லை. முதலில் ஊராரோடு அமர்ந்து, அவர்களுக்கு எச்செய்தி வேண்டும், அச்செய்தியை இப்பொழுது யாரிடமிருந்து பெறுகின்றனர் என்பவற்றைக் கேட்டறிந்தனர். உழவர் நெல் விலையையும், விதை, உரம் ஆகியவை கிடைக்குமிடத்தையும் கேட்டனர். மீனவர் அலையின் உயரத்தைக் கேட்டனர். பெண்கள் உடல் நலம் பற்றியும் அரசு உதவிகள் பற்றியும் கேட்டனர். தேவை முன்னும் கருவி பின்னும் என்ற முறை இவ்வாறு அமைந்தது.

நிலையத்திற்குரிய இடத்தை ஊராரே அளிக்க வேண்டும். அதனை நடத்தும் தொண்டர்களும் அவ்வூரினராகவே இருத்தல் வேண்டும். சாதி, சமயம், ஆண், பெண் என்னும் வேறுபாடு எதுவுமின்றி எல்லாரும் அங்கு வந்து பயன்பெறல் வேண்டும் என்பன உடன்பாடுகள். இவற்றுள் இறுதியாகக் கூறியதே தலையாயது. ஊருக்கு நடுவே கருவி இருந்தும் ஊரில் ஒரு பகுதியார் அதனை அணுக இயலாதாயின், அறியாமை நீங்காது. முன்பிருந்த ஏற்றத்தாழ்வே மேலும் வலிமை பெறும்.

கருவிகளைத் தெரிந்த முறை

வில்லியனூர் நடு நிலையமாயிற்று. கீழூர், ஏம்பலம், வீராம்பட்டினம், பூரணாங்குப்பம் முதலிய ஊர்களில் கிளை நிலையங்கள் தோன்றின. செய்திகளைத் திரட்டித் தமிழாக்கி ஊர்களுக்கு அனுப்புதல் நடு நிலையத்தின் பணி. அவற்றை மக்களிடம் சேர்ப்பதும், ஊரின் செய்திகளைத் திருப்பி அனுப்புவதும் கிளை நிலையங்களின் பணி.

அக்காலத்தில் சிற்றூர்களில் தொலைபேசிக் கம்பி அரிதாகவே இருந்தது; இருந்ததும் அடிக்கடி பழுதுற்றது. ஆகவே, கம்பியை நம்பாமல் வானொலி அலைகளின் வழியே ஊர்களை இணைத்தனர். ஒரே கருவி மனிதர் பேச்சையும் கணினிச் செய்தியையும் தாங்கிச் சென்றது. அதன் விரைவு குறைவு. எனினும், நெல் விலைக்கும் மருத்துவர் வரும் நாளுக்கும் பெரிய விரைவு வேண்டுவதில்லை. ஒரு நிழற்படத்தை அனுப்ப ஆகும் நேரத்தில் பல பக்க எழுத்துகளை அனுப்பிவிடலாம். விரைவு மிகுந்தும் பாதி நாள் இயங்காத இணைப்பைவிட, மெல்லச் சென்றும் நாள்தோறும் இயங்கும் இணைப்பே மேல் என்று அவர்கள் முடிவு செய்தனர்.

மின்சாரமும் அவ்வாறே. மின்தடை ஏற்படும் ஊரில் கணினி வெறும் பெட்டியே. ஆதலால் கதிரவன் ஒளியிலிருந்து மின்சாரம் பெறும் தகடுகளும், அதனைச் சேமிக்கும் மின்கலங்களும் நிலையங்களில் அமைக்கப்பட்டன. பொது மின்சாரம் உள்ளபோது அதனையும், அது நின்றபோது கதிரவன் தந்த மின்சாரத்தையும் கொண்டு நிலையங்கள் இயங்கின.

மொழியே எல்லாவற்றினும் பெரிய தடையாக நின்றது. கணினித் திரையில் தமிழ் தோன்றினாலன்றி அத்தொண்டர்களுக்கு அது பயன்படாது. அக்காலத்தில் ஒவ்வோர் எழுத்துருவுக்கும் ஒவ்வொரு குறியீட்டு முறை இருந்தது. ஓர் எழுத்துருவில் எழுதியதை மற்றோர் எழுத்துருவில் திறந்தால் பொருளற்ற குறிகளே தோன்றும். உலக மொழிகள் யாவற்றுக்கும் பொதுவான ஒருங்குறி முறையில் 1991ஆம் ஆண்டே தமிழ் இடம் பெற்றிருந்தும், அது எங்கும் வழக்குக்கு வர நெடுங்காலம் ஆயிற்று. விசைப்பலகையும் பலவாறு இருந்தது. 1999இல் சென்னையில் நடைபெற்ற தமிழ் இணைய மாநாட்டை ஒட்டியே தமிழ்99 என்னும் பொது அமைப்பு உருவாயிற்று. அதில் உயிரெழுத்துகள் இடப்புறமும் மெய்யெழுத்துகள் வலப்புறமும் அமைந்துள்ளன. 31 விசைகளைக் கொண்டு தமிழின் 247 எழுத்துகளையும் எழுதலாம்.

இவ்வசதிகள் பரவுவதற்கு முன்பே சிற்றூர்த் தொண்டர்கள் பணியைத் தொடங்கிவிட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் பெண்கள். பள்ளிக் கல்வி மட்டுமே பெற்றவர் பலர். ஆங்கில எழுத்துப் பொறித்த விசைப்பலகையிலேயே தமிழை எழுதப் பழகினர். ஏம்பலத்தில் கோயிலைச் சார்ந்த இடத்திலேயே நிலையம் அமைந்தது. அதனைப் பெண்களே நடத்தினர். கணினி நகரத்தார்க்கும் ஆங்கிலம் கற்றார்க்குமே உரியது என்னும் எண்ணம் அங்குத் தகர்ந்தது. 'நம்ம ஊரு செய்தி' என்னும் செய்தி ஏடும் இத்திட்டத்தின் வழியே வெளிவந்தது.

கரும்பலகையும் ஒலிபெருக்கியும்

கணினித் திரையைப் பத்துப் பேர் காணலாம். ஊர் முழுவதும் காண இயலுமோ? எழுத்தறியாதார் எவ்வாறு படிப்பர்? இவ்வினாக்களுக்கு விடையாகத் திட்டத்தினர் பழைய கருவிகளையே நாடினர். அன்றாடச் செய்திகள் பலகையில் எழுதி வைக்கப்பட்டன. கடலோர ஊர்களில் ஒலிபெருக்கிகள் நிறுவப்பட்டன.

வீராம்பட்டினம் மீனவர் வாழும் பெரிய ஊர். அமெரிக்கக் கடற்படையினர் தம் வலைத்தளத்தில் வெளியிட்ட அலை உயரக் கணிப்பைத் தொண்டர்கள் நாள்தோறும் இணையத்தின் வழியே பெற்றனர். அதனை எளிய தமிழில் எழுதி ஒலிபெருக்கியில் அறிவித்தனர். கடற்கரையில் வலையைச் சீர்செய்துகொண்டிருந்த மீனவர் அதனைக் கேட்டு, கடலுக்குச் செல்வதா, கரையில் தங்குவதா என்று முடிவு செய்தனர். உலகின் மறுகோடியில் கணித்த செய்தியை இணையம் ஊர் வரையிற் கொணர்ந்தது. அதனை மீனவர் செவி வரையிற் கொண்டு சேர்த்தது ஒலிபெருக்கியே.

இம்முயற்சி 2001ஆம் ஆண்டு சுவீடன் நாட்டின் ஸ்டாக்ஹோம் சேலஞ்சு விருதைப் பெற்றது. ஆயினும், இதன் உண்மையான தேர்வு பின்னரே வந்தது.

நல்லவாட்டில் நிகழ்ந்தது

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. சுமத்திரா அருகே கடலடியில் எழுந்த பெரு நிலநடுக்கத்தால் ஆழிப்பேரலை புறப்பட்டது. இந்தியக் கடற்கரைக்கு அன்று சுனாமி எச்சரிக்கை அமைப்பு எதுவும் இல்லை. புதுவைக்குத் தெற்கே நல்லவாடு என்னும் மீனவ ஊரிலும் ஊரறிவு நிலையமும் ஒலிபெருக்கியும் இருந்தன. அந்நிலையத்தில் முன்பு தொண்டாற்றிய இளைஞர் ஒருவர் அப்பொழுது சிங்கப்பூரில் பணிபுரிந்தார். பேரலையைப் பற்றிய செய்தியை அங்கு அறிந்த அவர், உடனே தம் இல்லத்திற்குத் தொலைபேசியில் பேசினார். கடல்நீர் ஊருக்குள் ஏறி வருவதைக் கேட்டதும், எல்லாரையும் உடனே வெளியேறச் சொல்லுமாறு பதறிக் கூறினார்.

வீடு வீடாகச் சென்று கூறப் பொழுதில்லை. ஊரார் நிலையத்திற்கு ஓடினர். பூட்டியிருந்த கதவை உடைத்து உள்ளே சென்று, ஒலிபெருக்கியில் எச்சரிக்கையை முழக்கினர். நாள்தோறும் அலை உயரத்தைக் கூறிப் பழகிய குரல்வழி அது. ஆதலால் மக்கள் அதனை ஐயுறவில்லை. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டும், முதியோரைத் தாங்கிக்கொண்டும் மேட்டு நிலத்திற்கு விரைந்தனர். பேரலை வீடுகளையும் படகுகளையும் அழித்தது. ஆனால் ஏறத்தாழ 3,600 பேர் வாழ்ந்த அவ்வூரின் மக்கள் உயிர் பிழைத்தனர்.

அன்று அவர்களைக் காத்தது விலையுயர்ந்த கணினியன்று. ஒரு தொலைபேசியும் ஓர் ஒலிபெருக்கியுமே. ஆனால், அவை தாமாகவே காத்துவிடவில்லை. எச்செய்தியை யாருக்கு எவ்வாறு உரைப்பது என்று ஊரார் பல ஆண்டுகள் பழகியிருந்தனர். அப்பழக்கமே கருவிக்கு உயிரூட்டியது.

கருவி மாறும், நெறி மாறாது

ஐதராபாத்தில் உள்ள இந்தியக் கடல்சார் தகவல் மையத்தில் 2007ஆம் ஆண்டு முதல் சுனாமி எச்சரிக்கை நிலையம் இயங்கி வருகிறது. மீனவர் பலர் இன்று கைப்பேசியிலேயே அலையின் உயரத்தையும் காற்றின் விரைவையும் அறிகின்றனர். ஒருங்குறித் தமிழ் எல்லாக் கைப்பேசியிலும் இயல்பாகத் தோன்றுகிறது. முன்னாளில் பயன்பட்ட வானொலி இணைப்பு இன்று தேவைப்படுவதில்லை. மா. சா. சுவாமிநாதனும் 2023இல் மறைந்தார்.

எனினும், அம்முயற்சி கற்பித்த நெறி பழமையுறவில்லை. புதிய கருவி ஒன்று வரும்போது, இஃது எவ்வளவு விரைவானது என்று வினவுவது போதாது. இஃது யாருடைய எக்குறையைத் தீர்க்கும்? மின்சாரம் நின்றால் இயங்குமா? தாய்மொழியில் பயன்படுமா? எழுத்தறியாத முதியவருக்கும் எட்டுமா? இவ்வினாக்களைக் கேட்டுத் தெளிந்த பின்னரே அதனைத் தெரிதல் வேண்டும். புதுமை என்பதற்காகவே ஒன்றை ஏற்பதும், பழமை என்பதற்காகவே ஒன்றைத் தள்ளுவதும் அறிவுடையோர் செயலல்ல. கணினியையும் கரும்பலகையையும், இணையத்தையும் ஒலிபெருக்கியையும் ஒருங்கே போற்றிய அச்சிற்றூர்கள் இவ்வுண்மையை உலகுக்குக் காட்டின.

அருஞ்சொற்பொருள்

பேராளர் – பிரதிநிதி
உடன்பாடு – ஒப்பந்தம்
எழுத்துரு – கணினியில் தோன்றும் எழுத்தின் வடிவம்
ஒருங்குறி – உலக மொழிகளின் எழுத்துகளுக்குப் பொதுவான கணினிக் குறியீட்டு முறை
ஆழிப்பேரலை – சுனாமி
ஐயுறல் – சந்தேகித்தல்

வினாக்கள்

1. பாகூர்ச் செப்பேடுகள் தெரிவிக்கும் செய்தி யாது?
2. ஊரறிவு நிலையம் அமைக்க ஊரார் ஏற்ற உடன்பாடுகள் யாவை? அவற்றுள் தலையாயது எது? ஏன்?
3. தொலைபேசிக் கம்பியை விடுத்து வானொலி அலைகளைத் தெரிந்ததன் காரணத்தை விளக்குக.
4. நல்லவாட்டு மக்கள் ஒலிபெருக்கியின் எச்சரிக்கையை உடனே நம்பியதற்குக் காரணம் யாது?
5. உங்கள் ஊரில் மக்கள் அன்றாடம் பயன்படுத்தும் கருவி ஒன்றைத் தெரிந்து, அது யாருக்கு எவ்வாறு பயன்படுகிறது, யாருக்கு எட்டாமல் உள்ளது என்பதை ஒரு பக்க அளவில் எழுதுக.