காய்ந்த உப்பும் சும்மா இருக்காது

ஞாயிறு இரவு கோவளத்திலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் ஈசிஆர் வழியாகச் சென்னை திரும்பும் கார்கள் சிலவற்றின் டிக்கியில் ஈரம் சொட்டும் பை ஒன்று கிடக்கும். உள்ளே மூச்சுக் காற்றைத் தரும் ரெகுலேட்டர், பிசிடி என்கிற மிதவைச் சட்டை, வெட்சூட், மாஸ்க், ஃபின்ஸ். மறுநாள் அலுவலகம். மயிலாப்பூரிலோ தி.நகரிலோ அடுக்ககத்தின் கீழ்த்தளத்தில், அதே டிக்கியில், அந்தப் பை வியாழக்கிழமை வரை கிடக்கும். முக்கால் மணி நேரம் கடலுக்கடியில் உழைத்த கருவி கெடத் தொடங்குவது இந்த நான்கு நாட்களில்தான். சொந்தமாக ஸ்கூபா கருவி வைத்திருப்பவர்களிடையே இதைப் பற்றி உலவும் யோசனைகளில் சில கருவியைக் கெடுக்கும். சில ஆளையே காவு வாங்கும்.

“காய்ந்துவிட்டால் உப்பு ஒன்றும் செய்யாது”

எல்லாத் தவறுகளுக்கும் தாய் இந்த நம்பிக்கைதான். சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டியதும் காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடலுப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடோ 33 சதவீதத்திலேயே அந்த வேலையை ஆரம்பித்துவிடும். மழை நாளில் கல் உப்பு ஜாடி கசிந்து கிடப்பதைப் பார்க்காத சென்னைச் சமையலறை உண்டா? ரெகுலேட்டருக்குள்ளும் அதே கதைதான். பகலில் உப்பு காய்ந்து படிகமாகும். இரவில் கடற்காற்றில் மீண்டும் நீர் விடும். குரோம் பூச்சில் எங்கே கீறல் இருக்கிறதோ அங்கே பித்தளை பச்சைக் களிம்பு கட்டும். படிகங்கள் ஓ-ரிங் என்கிற ரப்பர் வளையத்துக்கும் உலோகத்துக்கும் நடுவில் வளர்ந்து, அடுத்த முறை பாகம் அசையும்போது ரப்பரைக் கீறும்.

கடலில் முங்காத உலோகத்தைக்கூட இந்தக் காற்று விடாது. காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் தந்த 300 ஏக்கர் நிலத்திலும் 15 லட்சம் ரூபாய் நன்கொடையிலும் எழுந்து, 1953 முதல் இயங்கிவரும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம், உலோக அரிப்பை ஆராய மண்டபத்தில் கடலோர மையம் வைத்திருக்கிறது. உலோகத் தகடுகளைத் திறந்த கடற்காற்றில் நீண்ட காலம் நிறுத்திவைத்து, எவ்வளவு எடை குறைந்தது என்று அளப்பது இத்தகைய ஆய்வின் அடிப்படை முறை. பெசன்ட் நகரில் ஜன்னல் கம்பிக்கு ஆண்டுதோறும் பெயின்ட் அடிக்கிறவர்களுக்கு அந்த அளவீட்டின் பொருள் நன்றாகப் புரியும். அதே வீட்டின் பால்கனியில் கழுவாத ரெகுலேட்டரைத் தொங்கவிட்டு “காய்ந்துவிட்டது” என்று நிம்மதி அடைவதில் நியாயம் இல்லை.

“ஷவரில் ஒருமுறை காட்டினால் போதும்”

போதாது. மேலே ஓடும் தண்ணீர் மேலே இருக்கிற உப்பைத்தான் எடுக்கும். ஸ்பிரிங்கின் இடுக்கிலும் குழாய் உறையின் அடியிலும் ஜிப் பல்லுக்குள்ளும் இருப்பது ஊறினால்தான் வெளியே வரும். வெதுவெதுப்பான நல்ல தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவிட வேண்டும். ஊறப்போடும் முன் ரெகுலேட்டரின் தூசி மூடியைத் துடைத்து இறுக்க மூடுங்கள். தண்ணீரில் இருக்கும்போது பர்ஜ் பட்டனை அழுத்தாதீர்கள். காற்றழுத்தம் இல்லாத நேரத்தில் அதை அழுத்தினால் வால்வு திறந்து, குழாய் வழியே தண்ணீர், சிலிண்டரோடு இணையும் முதல் நிலை வரைக்கும் போய்விடும். சிலிண்டரில் மாட்டி, காற்றைத் திறந்துவைத்து அலசினால் இந்தப் பயமே இல்லை.

பிசிடியின் உட்புறத்தை மறந்துவிடுபவர்கள்தான் அதிகம். ஒவ்வொரு முறை காற்றை வெளியேற்றும்போதும் கொஞ்சம் கடல்நீர் உள்ளே புகுந்திருக்கும். ஊதுகுழல் வழியே நல்ல தண்ணீர் விட்டுக் குலுக்கி, தலைகீழாகப் பிடித்து வடித்து, இன்னொரு முறையும் அப்படியே செய்து, பாதி காற்று நிரப்பி வைத்தால் உட்சுவர்கள் ஒட்டாது.

எந்தத் தண்ணீர் என்பது சென்னைக்கே உரிய கேள்வி. திருவான்மியூர், பெசன்ட் நகர் பக்கம் சில போர் தண்ணீர் நாக்கில் வைத்தாலே கரிக்கும். உப்பைக் கழுவ உப்புத் தண்ணீர் உதவாது. தண்ணீரைச் சேமிக்கிறோம் என்ற நல்லெண்ணத்தில் ஆர்.ஓ. இயந்திரம் வெளியேற்றும் கழிவுநீரைப் பிடித்துவைத்து அலசுகிறவர்களும் உண்டு. குடிநீரிலிருந்து பிரித்த உப்பெல்லாம் சேர்ந்திருப்பது அதில்தான். முதல் ஊறலுக்கு எது கிடைத்தாலும், கடைசி அலசல் மெட்ரோ தண்ணீரில் இருக்கட்டும். 2013-இல் திறந்த நெம்மேலி ஆலை நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரிலிருந்தே பிரித்துத் தரும் திறன் கொண்டது. தென்சென்னைக் குழாய்களுக்கு வருவதில் அதுவும் சேர்த்தி. 2019 கோடையின் தண்ணீர்ப் பஞ்சத்தை அனுபவித்தவர்களுக்குத் தண்ணீரைக் கொட்ட மனம் வராது, அது சரிதான். ரெகுலேட்டர், மாஸ்க், டைவ் கம்ப்யூட்டர் மூன்றுக்கும் ஒரு பக்கெட் போதும். அலசிய தண்ணீரைக் கழிப்பறைக்கு ஊற்றிக்கொள்ளலாம்.

“நீச்சல் குளத்தில்தானே பயிற்சி? அங்கே உப்பு இல்லையே”

குளோரின் இருக்கிறது. வெட்சூட்டின் நியோப்ரீனையும் பிசிடியின் துணியையும் நாளடைவில் வெளிறச் செய்து நைய வைக்கும். குளத்திலிருந்து வந்தாலும் அதே ஊறல்தான்.

“மொட்டை மாடி வெயில் கிருமியைக் கொல்லும்”

வெயிலின் புற ஊதாக் கதிர், கிருமியோடு சேர்த்து நியோப்ரீனையும் நைலானையும் சிதைக்கும். நியோப்ரீனுக்குள் நுண்ணிய வாயுக் குமிழிகள் இருக்கின்றன. உடம்பின் சூட்டைக் காப்பவை அவைதான். மடித்து, மேலே பளுவை ஏற்றி மாதக் கணக்கில் வைத்தால் மடிப்பு விழுந்த இடத்தில் அவை நசுங்கி, அந்த இடம் மெலிந்துவிடும். துணி மாட்டும் மெல்லிய கம்பி ஹேங்கரும் தோள்பட்டையில் அதையே செய்யும். அகலமான ஹேங்கர், நிழல், ஒரு மின்விசிறி, இவை போதும். உட்பக்கத்தை முதலில் உலர்த்துங்கள். வாஷிங் மெஷினை மட்டும் நினைத்துப் பார்க்காதீர்கள்.

உலர்ந்ததை அலமாரியில் வைக்கும்போது அந்துருண்டை போடும் பழக்கமும் நமக்கு உண்டு. நாம் வாயில் கவ்வி மூச்சு இழுக்கும் சிலிக்கோனில் அந்த வாடை ஏறிவிடும், லேசில் போகாது. கரப்பான் பயம் இருந்தால் மவுத்பீஸைச் சுத்தமான துணிப்பையில் கட்டி வையுங்கள்.

“ஓ-ரிங்கில் ஒரு துளி தேங்காய் எண்ணெய்”

கதவுக் கீலுக்குப் போடுகிற எதையும் சுவாசக் கருவிக்குப் போடக் கூடாது. இதில் எனக்கு விட்டுக்கொடுக்கும் எண்ணம் துளியும் இல்லை. 200 பார் அழுத்தக் காற்றில் ஆக்சிஜனின் பங்கு மட்டும் ஏறக்குறைய 42 பார். நாம் சுவாசிக்கும் காற்றில் இருப்பதுபோல் 200 மடங்கு. வால்வைத் திடீரெனத் திறக்கும்போது காற்று ஒரு நொடியில் நெருங்கிச் சூடேறும். அந்த இடத்தில் எண்ணெய்ப் பசை இருந்தால் தீப்பிடிக்க வேறெதுவும் தேவையில்லை. ஆக்சிஜன் செறிந்த நைட்ராக்ஸ் நிரப்புகிறவர்களுக்கு ஆபத்து இன்னும் கூடுதல். வாஸ்லினும் அப்படித்தான், அது லேட்டக்ஸையும் சில வகை ரப்பரையும் உப்பவும் வைக்கும். உற்பத்தியாளர் சொன்ன கிரீஸ், சொன்ன இடத்தில், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அளவு.

“பயன்படுத்தவே இல்லையே, சர்வீஸ் எதற்கு?”

வடகிழக்குப் பருவமழையில் நம் கடல் கலங்கும். கருவி மாதக் கணக்கில் அலமாரியில் கிடக்கும். ரப்பருக்கு வயதாவது நிற்காது. அதனால்தான் பல நிறுவனங்கள் சர்வீஸுக்கு டைவ் எண்ணிக்கையோடு காலக் கெடுவையும் சேர்த்து, எது முந்துகிறதோ அதை எடுத்துக்கொள்ளச் சொல்கின்றன. டார்ச்சின் பேட்டரியைக் கழற்றி வைப்பதையும் மழைக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

“சிலிண்டரைக் காலி செய்து வைப்பதே பாதுகாப்பு”

முழுக்கக் காலியாக்கி வால்வைத் திறந்து விட்டால், நாம் இதுவரை பேசிய அதே ஈரக்காற்று உள்ளே போய் உட்சுவரை அரிக்கும். 20 முதல் 35 பார் வரை மிச்சம் வைத்து மூடி, நிற்க வைத்துச் சாயாமல் கட்டிப் போடுங்கள். நிரம்பிய சிலிண்டரை வெயிலில் நிற்கும் காரில் விடவும் கூடாது. 27 டிகிரியில் 200 பார் இருந்தது, கார் 60 டிகிரியைத் தொட்டால் 222 பாரை நெருங்கும்.

பெயின்ட் உரிந்த அலுமினிய சிலிண்டரைப் பவுடர் கோட்டிங் பட்டறைக்குக் கொடுத்துப் புதிதாக்கலாம் என்ற யோசனையும் உலவுகிறது. பவுடர் கோட்டிங் அடுப்பு பெரும்பாலும் 180 டிகிரியோ அதற்கு மேலோ ஓடும். அமெரிக்க விதிகளின்படி 350 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது சுமார் 177 டிகிரி செல்சியஸ், சூட்டைத் தாண்டிய அலுமினிய சிலிண்டரை மறுபடி நிரப்பவே கூடாது. அலுமினியத்துக்கு வலிமை தந்த பதம் அந்தச் சூட்டில் போய்விடும். வெளியே பளபளப்பு மட்டும் மிஞ்சும். ஏற்கெனவே அப்படிச் செய்துவிட்ட சிலிண்டர் உங்களிடம் இருந்தால், அடுத்த முறை காற்று நிரப்பக் கொடுக்கும் முன் அங்கிருப்பவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். நிரப்பும்போது அதன் பக்கத்தில் நிற்பவர் அவர்தான்.